அச்சாரமும் அரிதாரமும்

திருவண்ணாமலைக் கோயிலின் கிழக்கு ராஜகோபுரத்தின் வழியே உள்ளே செல்லும் பக்தர்கள், அண்ணாந்து பார்த்து அதன் பதினொரு நிலைகளையும் 217 அடி உயரத்தையும் வியந்துவிட்டுப் போவார்களே அன்றி, வாயிலின் இருபுறச் சுவர்களிலும் கையெட்டும் உயரத்திலிருந்து மேல்நோக்கி அடுக்கடுக்காகச் செதுக்கப்பட்டுள்ள சின்னஞ்சிறு நடன மாதர்களின் முன் நிற்பவர்கள் மிகச் சிலரே. பரத சாஸ்திரம் வகுத்த கரணங்களைக் கல்லில் வடித்துக் காட்டும் கோயில்கள் தமிழகத்தில் விரல்விட்டு எண்ணத்தக்கவை. தஞ்சை, சிதம்பரம், விருத்தாசலம், கும்பகோணத்துச் சார்ங்கபாணி கோயில் ஆகியவற்றோடு திருவண்ணாமலையும் அந்த வரிசையில் அடங்கும். கோபுரத்தைத் தொடங்கியவர் விஜயநகரத்துக் கிருஷ்ணதேவராயர் என்பதும், முடித்து வைத்தவர் தஞ்சை சேவப்ப நாயக்கர் என்பதும் ஊரில் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். உளி பிடித்தவன் பெயரையும், அவன் மனக்கண்ணில் நின்று ஆடிய பெண்ணின் பெயரையும் சொல்வார் இல்லை. கொடுத்தவன் பெயர் கல்வெட்டில் ஏறுவதும், செய்தவன் பெயர் கல்லுக்குள்ளேயே கரைந்து போவதும் நம் நாட்டுக் கலைச் சரித்திரத்தின் பழைய சம்பிரதாயம்.

இதே கோயிலின் வடக்குக் கோபுரம் வேறொரு கதையைச் சொல்கிறது. 171 அடி உயரமுள்ள அதற்கு அம்மணியம்மன் கோபுரம் என்று பெயர். செங்கத்தை அடுத்த சென்னசமுத்திரத்தில் பிறந்த அம்மணியம்மாள் என்னும் பெண் துறவி, அரைகுறையாக நின்றுபோயிருந்த அந்தக் கோபுரத்தை, வீடு வீடாகச் சென்று யாசித்துச் சேர்த்த பொருளைக் கொண்டு கட்டி முடித்தார் என்பது வரலாறு. ஒரே மதில் வளைவுக்குள், கிழக்கே ஒரு சக்ரவர்த்தியின் கஜானாவும், வடக்கே ஆயிரம் வீட்டுக் காசும் கோபுரங்களாக நிற்கின்றன. கலைஞனுக்கும் அவனுக்குப் படியளப்பவர்க்கும் உள்ள உறவைப் பற்றி யோசிக்க விரும்புகிறவர்கள் தொலைதூரம் போக வேண்டியதில்லை. இந்த இரண்டு கோபுரங்களுக்கு நடுவே சிறிது நேரம் நடந்தாலே போதும்.

நடக்கும்போது கம்பத்து இளையனார் சந்நிதியும் குறுக்கே வரும். பிரபுட தேவராயன் என்னும் மன்னன் முன்னிலையில் அருணகிரிநாதருக்கும் சம்பந்தாண்டான் என்பவனுக்கும் போட்டி மூண்டதாகவும், அருணகிரியின் பாட்டுக்கு இரங்கி முருகன் அங்குள்ள தூணிலே காட்சி தந்ததாகவும் ஸ்தல ஐதிகம் கூறும். பக்தியை ஒரு நிமிஷம் ஒதுக்கி வைத்துவிட்டு அந்தக் கதையைப் பார்த்தால், அது அரசனுடைய அபிமானத்துக்காக இரண்டு வித்வான்கள் மோதிக்கொண்ட கதை என்பதும், ஒரு கவிஞன் தன் கவிதையை மெய்ப்பிக்கக் கடவுளையே சாட்சிக்கு அழைக்க வேண்டியிருந்தது என்பதும் புலப்படும். விருதுக் குழுவுக்கு விண்ணப்பம் போடும் இக்காலத்துக் கலைஞர்களுக்கு அவ்வளவு சிரமம் இல்லை. சட்டமன்ற உறுப்பினரின் சிபாரிசுக் கடிதமே போதும் என்கிறார்கள்.

கோயில் என்பது அந்நாளில் வழிபடும் இடமாக மட்டும் இருக்கவில்லை. நாகசுரக்காரருக்கும் ஓதுவாருக்கும் நட்டுவனாருக்கும் தேவரடியாருக்கும் மானியம் கொடுத்து, வீடு கொடுத்துப் பரிபாலித்த பெரிய ஸ்தாபனமாகவும் அது இருந்தது. அந்த ஆதரவு பெரிது. ஆனால் அது ஒரே வாசலில் கிடைத்த ஆதரவு. 1929ஆம் ஆண்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால், தேவதாசிகளின் மானிய நிலங்களைக் கோயில் ஊழியத்திலிருந்து விடுவிக்கும் சட்டத் திருத்தம் வந்தது. 1947இல், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதன்மந்திரியாக இருந்தபோது, பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கமே சட்ட விரோதமாயிற்று. அந்தச் சட்டம் தேவை என்பதில் நமக்குச் சந்தேகம் கிடையாது. ஆயினும், ஒரு வழக்கத்தின் கொடுமையை ஒழித்த கையோடு, அந்த வழக்கத்தைச் சார்ந்து நின்ற ஒரு கலையின் ஜீவனோபாயத்துக்கு மாற்று வழி எதையும் ராஜாங்கம் வகுக்கவில்லை. தேவரடியார் ஆடிவந்த சதிர் பரதநாட்டியமாகப் பெயர் மாறி, 1928இல் தோன்றிய சென்னை மியூசிக் அகாடமியின் மேடைக்கும் 1936இல் தோன்றிய கலாக்ஷேத்திரத்தின் கூடத்துக்கும் போய்ச் சேர்ந்தது. அதைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த குடும்பங்களில் பெரும்பாலானவை உடன் போய்ச் சேரவில்லை.

சுற்றுவட்டாரக் கிராமங்களில் இதே காலத்தில் வேறொரு கலை, எந்த ராஜாவின் கல்வெட்டிலும் ஏறாமல், எந்தச் சட்டத்தினாலும் சாகாமல் பிழைத்துக் கிடந்தது. அதுதான் தெருக்கூத்து. செய்யாறு, வந்தவாசி, ஆரணி, போளூர், செங்கம் என்று இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் அடங்கும் ஊர்களிலும், 1989க்கு முன் இவையெல்லாம் சேர்ந்திருந்த பழைய வட ஆர்க்காடு ஜில்லா முழுவதிலும், தென்னார்க்காட்டின் செஞ்சிப் பக்கத்திலும் திரௌபதி அம்மன் கோயில் இருக்கும் இடமெல்லாம் கூத்து இருந்தது. இது எதனால் பிழைத்தது என்று கேட்டால், அதன் பொருளாதாரத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஊரில் பாரதம் நடத்துவதென்று முடிவானவுடன் பெரியவர்கள் கூடித் தலைக்கட்டு வரி போடுகிறார்கள். நஞ்சைக்காரனும் கூலிக்காரனும் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று கொடுக்க வேண்டும். பிறகு நான்கைந்து பேர் கூத்து வாத்தியாரின் வீட்டுக்குச் சென்று, வெற்றிலை பாக்கோடு அச்சாரம் வைத்து, எத்தனை இரவு, என்னென்ன கூத்து, துரியோதனன் யார், திரௌபதி வேஷம் யார் கட்டுவது என்பதையெல்லாம் பேசி முடிக்கிறார்கள். வேஷக்காரரின் பெயரைச் சொல்லிக் கேட்கும் ஊர்கள் உண்டு. “போன வருஷம் கர்ணன் கட்டினாரே, அவர் வராவிட்டால் வேண்டாம்” என்று தாம்பூலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகும் ஊர்களும் உண்டு. சாஹித்ய மண்டலிகளில் மதிப்புரை எழுதுகிறவர்கள் இந்த விமரிசனத்தின் கூர்மையை நினைத்துப் பார்க்கலாம்.

திருவிழா நாட்களில் பிற்பகலில் பாரதப் பிரசங்கியார் கதை சொல்வார். அவர் பகலில் வில்லிபாரத வழி நின்று சொன்ன கதையையே இரவில் கூத்தர்கள் ஆடிக் காட்டுவார்கள். இரவு சாப்பாட்டுக்குப் பின் மிருதங்கமும் டோலக்கும் முகவீணையும் ஆர்மோனியமும் தாளமும் சேர்ந்து களரி கட்ட, அதே சமயம் பக்கத்துக் கொட்டகையில் வேஷக்காரர்கள் உட்கார்ந்து தாமே அரிதாரம் பூசிக்கொண்டிருப்பார்கள். முருக்க மரத்தில் செதுக்கி, கண்ணாடிச் சில்லும் ஜிகினாத் தாளும் ஒட்டிய கிரீடத்தையும் புஜக்கட்டைகளையும் ஒருவர் உடம்பில் மற்றொருவர் இழுத்துக் கட்டும்போது, அதுவரை பகலெல்லாம் கரும்பு வெட்டிய மனிதர் மெல்ல மெல்ல மறைந்து துரியோதனன் தென்படத் தொடங்குவான். இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு அவன் தன் வருகையைத் தானே பாடி, திரைக்கு மேலே கிரீடத்தின் உச்சியை மட்டும் காட்டி, ஊரைக் காக்க வைத்து, பிறகு ஒரு சுழற்சியோடு வெளியே பாய்வதற்குள் பதினைந்து நிமிஷம் ஓடிவிடும். அவசரம் யாருக்கும் இல்லை. விடிய இன்னும் எட்டு மணி நேரம் இருக்கிறது.

பணம் இரவு முழுவதும் கைமாறிக்கொண்டிருக்கும். அச்சாரமும் பேசிய தொகையும் ஜமா எனப்படும் கூத்துக் குழுவின் பொது வருமானம். வாத்தியார், முன் வேஷக்காரர், பின்பாட்டுக்காரர் என்று அவரவர் தகுதிக்கேற்ப அது பிரிபடும். அதற்கு மேல், பார்ப்பவர்கள் தரும் அன்பளிப்பு என்று ஒன்று உண்டு. ஆட்டத்தின் நடுவிலேயே ஒருவர் எழுந்து வந்து வேஷக்காரரின் மார்புப் பதக்கத்தில் பத்து ரூபாய்த் தாளைக் குத்திவிட்டுப் போவார். உடனே கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் ஆட்டத்தை நிறுத்தி, கொடுத்தவரின் பெயர், தகப்பனார் பெயர், தெரு எல்லாவற்றையும் மைக்கில் சொல்லி வாழ்த்துவான். வாழ்த்திய அதே மூச்சில், அவர் போன தேர்தலில் வாக்களித்த சின்னத்தையும், பஞ்சாயத்தில் போடாத தெரு விளக்கையும், ரேஷன் கடையில் எடை குறைந்த அரிசியையும் இழுத்து ஒரு கேலி செய்துவிட்டு, “மகாராஜா, தங்கள் அஸ்தினாபுரத்தில் எப்படி?” என்று துரியோதனன் பக்கம் திரும்பிக்கொள்வான். கொடுத்தவரும் சிரிப்பார். பத்து ரூபாய் கொடுத்தவருக்குக் கோபித்துக்கொள்ளும் அதிகாரம் கிடையாது. ஊரே கொடுத்திருக்கிறது, கொடுத்தவர் அவர் ஒருவர் மட்டும் அல்ல. பல கைகள் கொடுக்கும் பணத்துக்கு உள்ள பெரிய சௌகரியம் இதுதான். ஓர் ஊர் பகைத்துக்கொண்டாலும் ஜமாவுக்கு அடுத்த ஊர் இருக்கிறது. ராஜகோபுரத்து நடன மாதர்களுக்கு அந்தச் சௌகரியம் வாய்க்கவில்லை.

சாவிலும் கூத்துக்கு வேலை உண்டு. வட தமிழ்நாட்டில் பெரியவர் ஒருவர் நிறைவாக வாழ்ந்து மறைந்தால் காரியத்தன்று இரவு கர்ண மோட்சம் வைப்பது வழக்கம். கொடைக்குப் பேர் போனவன் குருக்ஷேத்திரத்தில் உயிர் விடும் கதையைச் செத்தவர் வீட்டு வாசலில் ஆடி, அவருடைய பிள்ளைகளை அழ வைத்து அனுப்புவார்கள். ஆஸ்தி உள்ளவர் நிறையக் கொடுப்பார். இல்லாதவரும் கடன் பட்டாவது வைப்பார். பங்குனி முதல் ஆடி வரை நீளும் திருவிழாக் காலம் ஓய்ந்த பிறகும் ஜமாவின் அடுப்பு எரிவதற்கு இத்தகைய அழைப்புகளும் ஒரு காரணம். 2020லும் 2021லும் கொள்ளை நோய்க்காக ஊர் கூடுவதே தடையானபோது இரண்டும் ஒருங்கே நின்றுபோக, அரிதாரப் பெட்டியை மூடி வைத்துவிட்டு நூறு நாள் வேலைக்கு மண்வெட்டி எடுத்தவர்கள் பலர்.

இவ்வளவு சொன்னதனால் கிராமத்தைக் கலையின் பொற்காலமாக நாம் வர்ணித்துவிடக் கூடாது. ஊர் கொடுக்கும் பணத்தில் ஊரின் சாதியும் சேர்ந்தே வருகிறது. தலைக்கட்டு என்பதில் யார் தலை எண்ணப்படுகிறது, யார் தலை விடப்படுகிறது என்பது அரங்கேறும் பாரதத்தைக் காட்டிலும் பழைய யுத்தம். திருவண்ணாமலை மாவட்டத்துத் தென்முடியனூரில், அரசாங்கமே நிர்வகிக்கும் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட மக்கள் காலெடுத்து வைக்க 2023 ஜனவரி 30ஆம் தேதி வரை காத்திருக்கவும், அன்றும் போலீஸ் பந்தோபஸ்துடன் செல்லவும் நேர்ந்தது. அண்டையில் உள்ள விழுப்புரம் மாவட்டத்து மேல்பாதியில் அதே ஆண்டு திரௌபதி அம்மன் கோயிலுக்கே சீல் வைக்க நேர்ந்ததும் இதே தகராற்றினால்தான். கோயில் யாருடையது என்ற வழக்கு முடியாத இடத்தில், அதன் வாசலில் ஆடப்படும் கூத்து மட்டும் எல்லாருக்கும் பொது என்று சொல்லிக்கொள்வது எளிதன்று. ஊருக்கு வெளியிலிருந்து வரும் புரவலரைச் சில கலைஞர்கள் விரும்பி வரவேற்றதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறோம்.

அப்படி வெளியிலிருந்து வந்தவர்களில் முக்கியமானவர் ந. முத்துசாமி. தஞ்சை ஜில்லாப் புஞ்சையில் 1936இல் பிறந்து, சிறுகதை எழுதிப் பெயர் பெற்ற அவர், செய்யாற்றை அடுத்த புரிசை கிராமத்து நடேச தம்பிரானின் கூத்தைப் பார்த்த பிறகு, தமிழனுக்கு நாடகம் இல்லை என்று படித்தவர்கள் பேசிவந்த பேச்சை அடியோடு மறுக்கத் துணிந்தார். 1977இல் சென்னையில் அவர் நிறுவிய கூத்துப்பட்டறை, புரிசையைத் தன் குருகுலமாகவே பாவித்தது. நடேச தம்பிரானின் தம்பி கண்ணப்ப தம்பிரான் பட்டணத்து இளைஞர்களுக்கு அடவும் பாட்டும் சொல்லிக் கொடுத்தார்; மத்திய அரசின் சங்கீத நாடக அகாடமி விருது அவருக்கும், பிற்பாடு அவருடைய மகன் சம்பந்த தம்பிரானுக்கும் கிடைத்தது. பிரெக்டின் நாடகமும் கார்சியா மார்க்வெஸின் சிறுகதையும் புரிசை ஆட்டத்தில் கூத்தாக உருமாறின. தம்பிரான் குடும்பம் தன் கலையை அருங்காட்சியகப் பொருளாக்கிக்கொள்ளச் சம்மதிக்கவில்லை என்பதற்கு அது அத்தாட்சி.

கூத்துப்பட்டறைக்கு அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனம் பொருளுதவி செய்தது. நடிகர்களுக்கு மாதச் சம்பளம் கொடுத்து முழுநேரமும் பயிற்சியில் வைத்திருக்க அந்தப் பணம் இடம் கொடுத்தது. அந்நியப் பணத்தில் நாட்டார் கலையா என்ற கூக்குரலும் உடனே எழுந்தது. கேள்வியில் நியாயம் இருந்தது. ஆனால் கேட்டவர்களில் எத்தனை பேர் டிக்கெட் வாங்கி அந்த நாடகங்களைப் பார்த்தார்கள் என்பதையும் கூடவே கேட்டிருக்க வேண்டும். பட்டறையில் பழகிய பசுபதி, கலைராணி முதலியோருக்கும், அங்கே கணக்கு எழுதும் வேலை பார்த்த விஜய் சேதுபதிக்கும் பின்னாளில் சினிமா கொடுத்த சம்பளத்தோடு ஒப்பிட்டால் ஃபோர்டு கொடுத்தது சொற்பமே. சினிமாப் பணம் எங்கிருந்து வருகிறது என்று யாரும் கூச்சல் போட்டதாகத் தெரியவில்லை.

பாரிஸ் நகரின் விளிம்பில், பழைய வெடிமருந்துத் தொழிற்சாலை ஒன்றில் அரியான் முனூஷ்கினின் நாடகக் குழு ‘தியாத்ர் து சொலேய்’ இயங்குகிறது. 2016இல் அக்குழு அரங்கேற்றிய ‘இந்தியாவில் ஓர் அறை’ என்ற பொருள்படும் நாடகத்துக்காகச் சம்பந்த தம்பிரான் அங்குள்ள நடிகர்களுக்குக் கூத்துப் பயிற்றுவித்தார். பல தேசத்து நடிகர்கள் கிரீடமும் புஜக்கட்டையும் பூட்டிக்கொண்டு திரௌபதி துகிலுரியப்பட்ட கதையையும் கர்ணன் மடிந்த கதையையும் தமிழிலேயே பாடி ஆடினார்கள். செய்யாற்றுப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் பாட்டு, மறு வருஷம் நியூயார்க் மேடை வரை போயிற்று. நமக்குப் பெருமைதான்.

எனினும், டில்லியும் சென்னையும் பாரிஸும் கூத்துக்குக் கொடுத்ததைக் கணக்கிடும்போது அவை எடுத்துக்கொண்டதையும் பற்று எழுத வேண்டும். அவை எடுத்துக்கொண்டது இரவை. அகாடமி விழாவில் கூத்துக்கு ஒதுக்கப்படுவது ஒரு மணி நேரம். சர்க்கார் விழாவில் அமைச்சர் வருவதற்கு முன் இருபது நிமிஷம். சென்னைச் சங்கமத்தின் பூங்கா மேடையில் பறை, கரகம், ஒயில் ஆகியவற்றுக்கு நடுவே ஏதோ கொஞ்சம். திரைக்குப் பின்னால் நின்று பாடும் பதினைந்து நிமிஷம் அங்கே மூன்று நிமிஷமாகிறது. கட்டியக்காரனின் ஊர்க் கேலிக்கு அங்கே ஊரே இல்லை. எஞ்சுவது நிறமும் வேகமும் சுழற்சியும். புகைப்படம் நன்றாக விழும். பெரிய ஸ்தாபனங்கள் கலைஞனை அவமதிப்பதில்லை. பொன்னாடை போர்த்துகின்றன, மாலை போடுகின்றன, வழிச் செலவு தருகின்றன. ஆனால் ஒரு துரியோதனன் இரவு பத்து மணிக்குக் கொண்ட கர்வம் விடியற்காலையில் எப்படி உதிர்கிறது என்பதை அவற்றின் நிகழ்ச்சி நிரல் ஒருபோதும் பார்க்காது. பதினெட்டாம் நாள் காலையில், கோயில் மைதானத்தில் மண்ணால் படுக்க வைத்த துரியோதனனின் பிரம்மாண்ட உருவத்தைச் சுற்றி வேஷக்காரர்கள் ஓட, தூக்கமில்லாத கண்களோடு ஊர் முழுவதும் சுற்றி நிற்க, பீமன் தொடையில் அடித்ததும் திரௌபதிக்குக் கூந்தல் முடியும் படுகளத்தை எந்த அரங்கத்தில் கொண்டுபோய் நடத்துவது?

மாநில அரசின் ஆதரவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இயல் இசை நாடக மன்றம் கலைமாமணி விருது தருகிறது. நலிந்த கலைஞர்க்கு மாத உதவித் தொகை தருகிறது. மாவட்டக் கலை மன்றங்கள் கலை இளமணி முதல் கலை முதுமணி வரை வயதுக்கேற்பப் பட்டங்கள் வழங்குகின்றன. 2007இல் நாட்டுப்புறக் கலைஞர்களுக்கென்று ஒரு நல வாரியமும் அமைந்தது. உதவித் தொகை கையில் கிடைக்கும் மூதாட்டிக்கு அது மருந்துச் செலவு; அதைக் குறை சொல்ல நமக்கு வாய் இல்லை. ஆனால் 2011 முதல் 2018 வரை எட்டு ஆண்டுக் கலைமாமணிகளைச் சேர்த்து வைத்து, மக்களவைத் தேர்தல் நெருங்கிய 2019 பிப்ரவரியில் 201 பேருக்கு ஒருசேர அறிவித்தபோது, கலைக்கும் காலண்டருக்கும் உள்ள சம்பந்தம் எல்லாருக்கும் விளங்கிற்று. கட்சிகளும் கலைஞரைத் தேடி வருவதுண்டு. குடும்பக் கட்டுப்பாடு, சிறுசேமிப்பு, அறிவொளி என்று ஒவ்வொரு காலத்தின் பிரசாரத்துக்கும் கட்டியக்காரன் தேவைப்பட்டிருக்கிறான். திருவண்ணாமலை வீதிகளில் முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தினர் பொதுமக்கள் நன்கொடையைக் கொண்டு விடிய விடிய நடத்திய கலை இரவுகள் இவற்றினும் ஒருபடி மேலானவை என்பது நம் அபிப்பிராயம். கொள்கை ஒன்றின் சார்பு அங்கே இருந்தது உண்மை, ஆனாலும் இரவை வெட்டவில்லை.

சட்டத்தின் கை மட்டும் இன்னும் மேலே இருக்கிறது. வெள்ளையர் 1876இல் இயற்றிய நாடக நிகழ்ச்சிச் சட்டத்தைத் தொடர்ந்து, எம்.ஆர். ராதாவின் நாடகங்களுக்கு அஞ்சிச் சென்னை ராஜ்யம் 1954இல் தனியாக ஒரு சட்டம் போட்டது. நாடகப் பிரதியை முன்கூட்டிப் போலீஸ் அதிகாரியிடம் கொடுத்து அனுமதி பெற வேண்டும் என்ற அந்த ஏற்பாட்டை, பத்திரிகையாளரும் நாடகக்காரருமான ஞாநி தொடுத்த வழக்கில், 2013இல் உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. கூத்துக்குப் பிரதி உண்டு என்றாலும் கட்டியக்காரனுக்குக் கிடையாது. ஆகவே அவன் அந்தச் சட்டத்தை என்றைக்கும் பொருட்படுத்தியதில்லை. அவனைப் பிடித்தவை 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கி கூடாது. மாநில அரசு மனம் வைத்தால் பண்டிகைக் காலத்தில் ஆண்டுக்குப் பதினைந்து நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை தளர்த்தலாம். தூங்க வேண்டிய குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும் இந்த விதி அவசியமானதே. ஆனால் கூத்து தொடங்குவதே பத்து மணிக்குத்தான். நள்ளிரவில் கர்ணன் இன்னும் மனைவி பொன்னுருவியிடம் விடைபெற்றுக்கொண்டிருக்கிறான். அவனுக்கு மோட்சம் கிடைக்க நான்கு மணியாகும். அதனால், தலைக்கட்டு வரி வசூலித்து வெற்றிலை பாக்கு வைத்துவிட்டு வந்த அந்த நான்கைந்து பெரியவர்களே, கையில் மனுவோடு காவல் நிலையத்துக்கும் ஒரு நடை போகிறார்கள். இன்ஸ்பெக்டர் கூத்து பார்க்கும் பக்கத்தைச் சேர்ந்தவராக இருந்தால், ஒலிபெருக்கியை மைதானத்தை நோக்கித் திருப்பி வைத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிடுகிறார்.